எஸ்.ஓ.எம். பிடித்திருக்கிறது, அதை வைத்துப் பிழைக்க முடியுமா?

கேள்வி இது: “மெக்கானிக்கல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். வகுப்பில் எல்லாரும் அலுத்துக்கொள்ளும் எஸ்.ஓ.எம். (ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸ்) பாடம் எனக்குப் பிடித்திருக்கிறது. ஒரு திடப்பொருள் எப்படி வளைகிறது, ஏன் உடைகிறது என்பதையே மேற்கொண்டு படிக்கலாமா? இதில் ஆராய்ச்சி என்றால் என்ன செய்வார்கள்? வேலை எங்கே இருக்கிறது? பி.எச்.டி. வரை போக வேண்டுமா? வீட்டில் ஐ.டி.க்குப் போகச் சொல்கிறார்கள். முதல் தடவை எழுதியபோது எனக்கே எஸ்.ஓ.எம்.மில் அரியர் விழுந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்.”

அரியர் விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். அந்தத் தாளில் பெரும்பாலும் கேட்பது பெண்டிங் மொமெண்ட் படம் வரையத் தெரியுமா, வாய்பாட்டில் எண்ணைப் போடத் தெரியுமா என்பதுதான். அதில் ஒருமுறை தவறிவிட்டு, பிறகு இந்தத் துறையில் பேர் வாங்கியவர்களை எனக்குத் தெரியும். தொண்ணூறு மார்க் வாங்கியவரிடம் உடைந்த போல்ட் ஒன்றைக் கொடுத்து, ‘உடைசல் எங்கே ஆரம்பித்திருக்கும்?’ என்று கேட்டால் திருதிருவென்று முழிப்பதையும் பார்த்திருக்கிறேன். நான் இருபது வருடமாக ஸ்ட்ரெஸ் கணக்குப் போட்டுச் சம்பளம் வாங்குகிறவன். நடுவில் சில வருடம் ஆராய்ச்சிக் கூடத்தில் இருந்தேன். இரண்டு பக்கத்தையும் பார்த்ததால் பதில் கொஞ்சம் நீளும்.

உங்களுக்குப் பிடித்திருப்பது எஸ்.ஓ.எம்.மா, அதற்குப் பின்னால் இருக்கும் விஷயமா என்று முதலில் பார்ப்போம். ஜவுளிக்கடையில் துணி கிழிப்பதைக் கவனித்திருப்பீர்கள். கடைக்காரர் மீட்டர் கோலில் அளந்து, ஓரத்தில் கத்தரியால் ஒரு விரற்கடை வெட்டு வைப்பார். அப்புறம் இரண்டு கையாலும் பிடித்து சர்ரென்று ஒரே இழுப்பு. அந்த வெட்டு இல்லாவிட்டால் பயில்வான் இழுத்தாலும் துணி கிழியாது. துணி மாறவில்லை, நூலின் வலிமை மாறவில்லை, அகலம்கூட ஒரு விரற்கடைதான் குறைந்தது. எஸ்.ஓ.எம். கணக்குப்படி விசையைப் பரப்பால் வகுத்துத் தகைவு (ஸ்ட்ரெஸ்) பார்த்தால், வெட்டு வைத்த துணியும் கிட்டத்தட்ட அதே சுமையைத் தாங்க வேண்டும். தாங்குவதில்லை. ஏன்?

இந்தக் கேள்வி உங்களை இரண்டு நாள் தூங்கவிடாமல் செய்தால் நீங்கள் இந்தத் துறைக்கு ஆள். ‘சரி, அதற்கு என்ன இப்போ’ என்று தோன்றினால் வீட்டார் சொல்வதைக் கேட்பதில் தவறில்லை.

பதிலைத் தேடிய கதையும் சுவையானது. இழுவையில் இருக்கும் தகட்டில் ஒரு வட்டத் துளை போட்டால், துளையின் ஓரத்தில் தகைவு மூன்று மடங்காகிறது என்று 1898இல் கிர்ஷ் கணக்கிட்டார். 1913இல் இங்கிலிஸ் வட்டத்தை நீள்வட்டமாக்கிப் பார்த்தார். நீளம் அகலத்தைப் போல் பத்து மடங்கானால் முனையில் தகைவு 21 மடங்கு. விரிசல் என்பது அகலமே இல்லாத நீள்வட்டம். அப்படியானால் முனையில் முடிவிலி. முடிவிலி என்றால் கீறல் விழுந்த கண்ணாடி டம்ளர் தொட்டாலே தூளாக வேண்டும். நம் வீட்டு அலமாரியில் அது வருடக்கணக்கில் நிற்கிறது.

இந்த முரணை அவிழ்த்தவர் கிரிஃபித். இங்கிலாந்தின் ஃபார்ன்பரோவில் இருந்த விமான ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்த்த இளைஞர். முனையில் என்ன தகைவு என்று கேட்பதை விட்டுவிட்டு அவர் வரவு செலவு பார்த்தார். விரிசல் நீண்டால் புதிதாக இரண்டு மேற்பரப்பு உருவாகிறது, அதற்கு ஆற்றல் செலவு. இழுபட்டிருக்கும் பொருள் தளர்வதால் ஆற்றல் வரவு. வரவு செலவைத் தாண்டினால் விரிசல் ஓடும், இல்லாவிட்டால் சும்மா இருக்கும். 1920இல் கண்ணாடியை வைத்து இதைக் காட்டினார். எஃகோடு வேலை செய்தவர்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எஃகு உடைவதற்கு முன் முனையில் நெகிழ்ந்து இழுபடும், அதற்குப் போகும் ஆற்றல் மேற்பரப்பு ஆற்றலை விடப் பல மடங்கு. அதையும் கணக்கில் சேர்த்து, பொறியாளர் கையில் பிடிக்கிற மாதிரி ஒரே எண்ணாகச் சுருக்கிக் கொடுத்தவர் அமெரிக்கக் கடற்படை ஆய்வகத்தில் இருந்த இர்வின், 1957இல். தகைவு பெருக்கல் விரிசல் நீளத்தின் வர்க்கமூலம், அவ்வளவுதான் அதன் சாரம். அது பொருளுக்குரிய ஓர் எல்லையைத் தொட்டால் உடையும்.

ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். விமானங்களில் போடும் 7075 அலுமினியத்துக்கு அந்த எல்லை சுமார் 27 என்று வைத்துக்கொள்வோம் (அலகு மெகாபாஸ்கல் பெருக்கல் வர்க்கமூல மீட்டர், வாயில் நுழையாத அலகுதான்). தகட்டில் 150 மெகாபாஸ்கல் தகைவு இருந்தால், நடுவிலிருந்து இரு பக்கமும் சுமார் 10 மில்லிமீட்டர் வரை விரிசல் இருக்கலாம். அதைத் தாண்டினால் போயிற்று. இந்த அலுமினியத்தின் யீல்டு, அதாவது நிரந்தரமாக நீளத் தொடங்கும் தகைவு, 450 மெகாபாஸ்கலுக்கு மேல். அதாவது யீல்டில் மூன்றில் ஒரு பங்கு தகைவிலேயே, எஸ்.ஓ.எம். படி ‘பாஸ்’ ஆன தகடு இரண்டாகப் போகலாம்.

இதை ஏட்டில் படிப்பது வேறு, உயிர்கள் போனபின் கற்பது வேறு. உலகின் முதல் ஜெட் பயணிகள் விமானமான காமெட் 1954 ஜனவரியிலும் ஏப்ரலிலும் மத்தியதரைக் கடல் மேலே நடுவானில் சிதறியது. அவற்றில் ஒன்று 1290 முறை பறந்தது, இன்னொன்று 900 முறை. ஃபார்ன்பரோவில் ஒரு முழு விமானத்தைத் தண்ணீர்த் தொட்டியில் மூழ்கவைத்து, உள்ளே தண்ணீரை ஏற்றி இறக்கி அழுத்தச் சுற்றுகளைக் கொடுத்தார்கள். காற்றை ஏற்றினால் வெடித்துவிடும். தண்ணீர் அமுங்காது, விரிசல் விட்ட இடத்தில் அப்படியே நின்றுவிடும். அந்த விமானம் ஏற்கெனவே பறந்தது 1221 முறை, தொட்டியில் 1836 சுற்று. ஆக 3057இல் உடல் பிளந்தது. திறப்பு ஒன்றின் மூலையில், ஆணித் துளையிலிருந்து கிளம்பிய விரிசல்.

‘சதுர ஜன்னல் வைத்ததால் விழுந்தது’ என்று இணையம் முழுக்க எழுதிவைத்திருக்கிறார்கள். பாதி உண்மைதான். அந்த ஜன்னல்களின் மூலைகள் வளைத்தே இருந்தன. கடலிலிருந்து எடுத்த உடைசலில் விரிசல் தொடங்கிய இடம் கூரையில் ரேடியோ ஆன்டெனாவுக்காக வெட்டிய திறப்பு. எனக்கு அதைவிட வியப்பான விஷயம் வேறு. தயாரித்தவர்கள் சோம்பேறிகள் அல்லர். விபத்துகளுக்கு முன்பே விமானத்தின் ஒரு பகுதியை எடுத்து 16,000 சுற்றுகளுக்கு மேல் சோதித்திருந்தார்கள், தாங்கியது. பிறகு ஏன் ஆயிரத்தில் உடைந்தது? அந்தச் சோதனைத் துண்டின் மேல் அதற்கு முன்னால் இருமடங்கு அழுத்தத்தில் வலிமைச் சோதனையும் செய்திருந்தார்கள். அப்போது மூலைகளில் உலோகம் கொஞ்சம் இழுபட்டு நிரந்தரமாக நீண்டுவிட்டது. அழுத்தத்தை எடுத்ததும் சுற்றியுள்ள உலோகம் அந்த நீண்ட பகுதியை இறுக்கிப் பிடித்தது. மாட்டுவண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டையைக் காய்ச்சிப் போட்டு ஆறவிட்டால் மரம் இறுகுகிறதே, அந்த மாதிரி இறுக்கம். இறுகிய இடத்தில் விரிசல் எளிதில் திறக்காது. பயணிகளை ஏற்றிய விமானங்களுக்கு அந்த இறுக்கம் கிடைக்கவில்லை. சோதித்த துண்டும் பறந்த விமானமும் ஒரே வரைபடத்திலிருந்து வந்தவை, ஆனால் ஒரே பொருள் அல்ல. இந்த ஒரு விஷயத்தைப் புரிந்துகொண்டால் எச்ச தகைவு என்ற ஒரு பெரிய அத்தியாயமே உங்களுக்குள் வந்துவிடும்.

சரி, இப்போது என்ன ஆராய்ச்சி நடக்கிறது? பழைய கேள்விகள் தீர்ந்துவிட்டன என்று நினைக்காதீர்கள். திரும்பத் திரும்ப வரும் சுமையில் உலோகம் களைத்து உடைவதை, வோலர் என்ற ஜெர்மானியர் ரயில் அச்சுகளில் 1850களிலேயே சோதிக்க ஆரம்பித்தார். ஒரு சுற்றுக்கு விரிசல் எவ்வளவு நீளும் என்ற விதியை பால் பாரிஸ் என்பவர் 1961இல் வெளியிட்டார். மூன்று முன்னணி இதழ்கள் திருப்பி அனுப்பிய பிறகு, வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் சின்ன இதழ் ஒன்றில் அது வந்தது. இன்று பெரும்பாலான பயணிகள் விமானங்களின் ஆய்வு இடைவெளியும் அந்த மாதிரி விதியை வைத்துத்தான் கணக்கிடப்படுகிறது. எஃகுக்கு அந்த விதியின் அடுக்கு (எக்ஸ்போனென்ட்) சுமார் 3. அதாவது தகைவின் ஏற்ற இறக்கம் இருமடங்கானால் விரிசல் எட்டு மடங்கு வேகமாக ஓடும். லாரியில் ஓவர்லோடு ஏற்றுகிறவர்களுக்கு இதைச் சொல்லிப் பார்க்க வேண்டும். ஆனால் இந்த விதி அனுபவத்தில் கண்ட விதி. அணுவடுக்கிலிருந்து ஆரம்பித்து அந்த அடுக்கை வருவிக்க இன்னும் யாராலும் திருப்தியாக முடியவில்லை. 3டி பிரிண்டிங்கில் செய்த உலோகம் வந்ததும் பிரச்சினை இன்னும் முற்றியது. உள்ளே நுண்ணிய துவாரங்கள், அடுக்கு அடுக்காகப் பரவிய எச்ச தகைவு. ஒரே இயந்திரம், ஒரே தூள், ஆனால் இரண்டு துண்டுகளின் ஆயுள் ஒன்றுக்கொன்று பல மடங்கு வேறுபடும். இதை நம்பி விமான உறுப்பு செய்யலாமா என்பதற்குத்தான் இப்போது நிறைய பணம் ஒதுக்குகிறார்கள்.

மென்பொருள்கள் இன்னொரு பக்கம் (கணினி மென்பொருளைச் சொல்லவில்லை, மெத்தென்ற பொருள்கள்). 2012இல் ஹார்வர்டில் ஜிகாங் சுவோவும் கூட்டாளிகளும் ஒரு ஹைட்ரோஜெல் செய்தார்கள். தொண்ணூறு சதவீதம் தண்ணீர். ஆனாலும் இருபது மடங்குக்கு மேல் நீண்டது, வெட்டு வைத்தபின்னும் கிழியாமல் இழுபட்டது. ஜவுளிக்கடைத் துணிக்கு நேர் எதிர். உள்ளே இரண்டு வலைகள் பின்னியிருக்கின்றன. ஒன்று நீண்டு கொடுக்கிறது, மற்றொன்று உடைந்து உடைந்து ஆற்றலை விழுங்குகிறது. அந்த இரண்டாவது வலை ஆல்ஜினேட், கடற்பாசியிலிருந்து வருவது. மண்டபம் பக்கம் பெண்கள் மூழ்கி எடுக்கிற பாசிகளில் சில வகை ஆல்ஜினேட் எடுக்கத்தான் போகின்றன என்பது உபரித் தகவல். செயற்கைக் குருத்தெலும்பு, காயத்தில் ஒட்டும் பிளாஸ்திரி, மென் ரோபோ என்று இந்த வழியில் ஒரு பெரிய கூட்டமே போய்க்கொண்டிருக்கிறது.

பேட்டரியும் நம் துறைக்குள் வந்துவிட்டது. லித்தியம் பேட்டரியில் கிராஃபைட்டுக்குப் பதில் சிலிக்கான் போட்டால் நிறைய மின்னூட்டம் பிடிக்கும். ஆனால் லித்தியத்தைக் குடித்தால் சிலிக்கான் நாலு மடங்கு பருமனாக வீங்கும், வெளியே விட்டால் சுருங்கும். சில தடவை இப்படி நடந்தால் காய்ந்த ஏரி மாதிரி வெடித்துவிடும். வேதியியல்காரர்கள் கண்டுபிடித்த பொருளை உயிரோடு வைத்திருப்பது எப்படி என்பது நம் கேள்வியாகிவிட்டது. நிலநடுக்கமும் அப்படித்தான். நிலப்பிளவு வழுக்குவது ஒரு பிரம்மாண்டமான விரிசல் ஓடுவதுதான். விரிசல் முனைக்கு 1968இல் புகழ்பெற்ற ஒரு தொகையீட்டை (இன்டெக்ரல்) தந்த ஜேம்ஸ் ரைஸ் பிற்காலத்தில் அந்தப் பக்கம்தான் போனார்.

மெஷின் லேர்னிங்கைக் கேட்காமல் விடமாட்டீர்கள். நல்ல வேலைகள் இருக்கின்றன. ஆனால் ஏற்கெனவே தெரிந்த சமன்பாட்டிலிருந்து ஆயிரம் எண்களை உருவாக்கி, அதை வைத்து ஒரு வலையமைப்புக்குப் பயிற்சி கொடுத்து, அது சமன்பாட்டைத் திருப்பிச் சொல்கிறது என்று சந்தோஷப்படும் கட்டுரைகளும் ஏராளம். பாத்திரம் தேய்ப்பதற்காகப் பாத்திரத்தை அழுக்காக்குவது மாதிரி. அந்த வகையில் மாட்டிக்கொள்ளாதீர்கள்.

இனி வேலை. ‘திடப்பொருள் இயக்கவியல் தெரிந்தவர் தேவை’ என்று எந்த விளம்பரத்திலும் தேடாதீர்கள், இருக்காது. சி.ஏ.இ. (கணினி வழிப் பொறியியல்) என்ஜினியர், ஸ்ட்ரெஸ் என்ஜினியர், டியூரபிலிட்டி, கிராஷ், என்.வி.எச். (சத்தம், அதிர்வு), ரிலயபிலிட்டி, இன்டெக்ரிட்டி என்ற பெயர்களில் வரும். சென்னையைச் சுற்றிக் கார், லாரி, டிராக்டர் வடிவமைப்பு மையங்கள் நிறைய. செங்கல்பட்டு பக்கம் மகிந்திரா ரிசர்ச் வேலி, ஓசூரில் டி.வி.எஸ்., ஒரகடத்தில் அரசின் ஜி.ஏ.ஆர்.சி. மோதல் சோதனைக் கூடம். 2023 அக்டோபரிலிருந்து கார்களை மோதவைத்துப் பாதுகாப்பு நட்சத்திரம் தரும் பாரத் என்கேப் நடைமுறைக்கு வந்தபின் கிராஷ் கணக்குப் போடுகிறவர்களுக்கு மவுசு கூடியிருக்கிறது. மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்தில் காரின் முகத்தில் ஒரு பகுதி மட்டும் தடுப்பில் மோதும். எல்லாம் சுமார் பத்தில் ஒரு விநாடியில் முடிந்துவிடும். அந்தப் பத்தில் ஒரு விநாடியைக் கணினியில் ஓட்ட ராத்திரி முழுக்க ஆகும். விமானம் என்றால் பெங்களூர்தான், என்.ஏ.எல்., எச்.ஏ.எல்., வெளிநாட்டு நிறுவனங்களின் வடிவமைப்பு மையங்கள்.

அரசுப் பக்கம் நம்மூரிலேயே நல்ல இடங்கள் இருக்கின்றன, மாணவர்கள் பலருக்குத் தெரிவதில்லை. கல்பாக்கத்து இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தில் சோடியம் குளிர்விக்கும் உலைகளுக்காக எஃகை ஐந்நூறு டிகிரிக்கு மேல் சூடாக்கி, எடையைத் தொங்கவிட்டுக் காத்திருப்பார்கள். அந்த வெப்பத்தில் எஃகு மெதுவாக, ஜவ்வுமிட்டாய் மாதிரி இல்லாவிட்டாலும் மில்லிமீட்டரில் சிறு சிறு பங்காக, நீண்டுகொண்டே போகும். அதற்கு க்ரீப் என்று பெயர். வடிவமைப்புக்குத் தேவைப்படும் ஆயுள் ஒரு லட்சம் மணி நேரம் என்றால் அது பதினோரு வருடத்துக்கு மேல்! காத்திருக்க முடியாததால் குறைந்த நேரச் சோதனையிலிருந்து நீண்ட ஆயுளை ஊகிக்கும் கலையே தனித் துறை. திருச்சி பெல் நிறுவனத்துக் கொதிகலன் குழாய்களுக்கும் இதே கவலை. சென்னை தரமணியில் சி.எஸ்.ஐ.ஆர்.இன் கட்டமைப்புப் பொறியியல் ஆராய்ச்சி மையமான எஸ்.இ.ஆர்.சி. இருக்கிறது. அதன் கோபுரச் சோதனை நிலையத்தில் உயர்மின்கோபுரங்களை முழு அளவில் நிறுத்திக் கம்பி கட்டி இழுத்துச் சாய்த்துப் பார்ப்பார்கள். ஒரு கோபுரம் தன் கால் ஒன்று மடங்கி உட்காருவதை நேரில் பார்த்தவனுக்கு ஆய்லரின் பக்லிங் சூத்திரம் மறக்காது. இஸ்ரோ, டி.ஆர்.டி.ஓ. பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

யாரும் யோசிக்காத இரண்டு இடங்கள். ஒன்று, இந்தக் கணக்குகளைப் போடும் மென்பொருளை எழுதும் நிறுவனங்கள். புனேயிலும் பெங்களூரிலும் அவற்றுக்குக் கிளைகள் உண்டு. வீட்டில் ஐ.டி. என்று கேட்டால் இதைக் காட்டலாம், பொய்யில்லை. இரண்டு, சில்லுத் துறை. சிலிக்கான் ஒரு டிகிரிக்கு பத்து லட்சத்தில் சுமார் 3 பங்கு விரியும், அது உட்கார்ந்திருக்கும் பலகை சுமார் 15 பங்கு விரியும். ஒவ்வொரு முறை ஃபோன் சூடாகி ஆறும்போதும் நடுவில் இருக்கும் சால்டர் உருண்டைகள் இழுபடுகின்றன, களைக்கின்றன. ஸ்ட்ரெஸ் கணக்கு மென்பொருள் செய்யும் ஆன்சிஸை 2025இல் வாங்கியது யார் என்று பாருங்கள், சில்லு வடிவமைப்பு மென்பொருள் செய்யும் சினாப்சிஸ்.

கசப்பையும் சொல்ல வேண்டும். ஆரம்பச் சம்பளம் நல்ல ஐ.டி. நிறுவனம் கொடுப்பதைவிடக் குறைவாகத்தான் இருக்கும். முதல் இரண்டு வருடம் உங்களை மெஷ் போடவைப்பார்கள். யாரோ அனுப்பிய வடிவத்தைச் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்து, கோணலானதைச் சரிசெய்து திருப்பி அனுப்புவது. அதிலேயே பத்து வருடம் கழித்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கும் மேலே போனவர்களுக்கும் என்ன வித்தியாசம் என்று நான் கண்டதைச் சொல்கிறேன்.

எங்கள் குழுவில் புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி ஒருநாள் ஒரு பிராக்கெட்டைக் காட்டினாள். ‘எல்’ வடிவம், உள்மூலையில் சிவப்புப் புள்ளி. “சார், 4 மில்லிமீட்டர் மெஷ்ஷில் ஸ்ட்ரெஸ் 180 வந்தது, யீல்டு 250, பாஸ். கஸ்டமர் மெஷ்ஷைக் குறைக்கச் சொன்னார். 2 மில்லிமீட்டரில் 247. ஒன்றில் 338. இப்போ ஃபெயில்.” அரை மில்லிமீட்டர் போட்டுப் பார் என்றேன். 463. முகம் வாடிவிட்டது. “கால் போட்டால் என்ன வரும் சொல்?” என்றேன். கொஞ்ச நேரம் எண்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, “ஒவ்வொரு தடவையும் 1.37 மடங்கு ஆகுது சார். அப்போ 630 பக்கம் வரும்… இது நிக்கவே நிக்காது.” அவ்வளவுதான், அன்றைக்கு அவள் மெஷ் போடுகிறவள் என்ற நிலையைத் தாண்டிவிட்டாள். வரைபடத்தில் அந்த மூலை கூர்மையான தொண்ணூறு டிகிரி. கூர்மையான உள்மூலையில் மீட்சிக் கோட்பாட்டின்படி தகைவு முடிவிலி, இங்கிலிஸின் நீள்வட்டத்துக்கு அண்ணன் தம்பி. மெஷ் சிறிதாகச் சிறிதாகக் கணினி அந்த முடிவிலியை நோக்கி நடந்துகொண்டிருந்தது. 180ம் பொய், 463ம் பொய். நிஜத் துண்டில் 3 மில்லிமீட்டர் வளைவு இருந்தது. வடிவத்தை எளிமையாக்குகிறோம் என்று யாரோ அதை அழித்திருந்தார்கள். வளைவைத் திரும்பப் போட்டதும் எண் நின்றது.

எதிர்த்திசைக் கதையும் ஒன்று. ஓர் ஆலையில் பம்ப் ஷாஃப்ட் உடைந்துவிட்டது. ‘இரும்பு சரியில்லை, சப்ளையர் ஏமாற்றிவிட்டார்’ என்று தீர்ப்பே எழுதிவிட்டார்கள். துண்டைக் கழுவி வெயிலில் வைத்துப் பத்து ரூபாய் லென்ஸால் பார்த்தேன். உடைந்த முகத்தில் ஐந்தில் நாலு பங்கு வழவழப்பு, அதில் அலை விட்டுப்போன மணல் கோடுகள் மாதிரி வரிவரியாக வளைவுகள். எல்லா வளைவும் ஒரு மூலையைச் சுற்றியே மையம் கொண்டிருந்தன, கீவேயின் (சாவிக்கட்டை உட்கார ஷாஃப்டில் வெட்டிய பள்ளம்) அடி மூலை. மீதி ஒரு பங்குதான் சொரசொரப்பு, கடைசி நாளில் சட்டென்று உடைந்தது. உடையும் கடைசி நிமிஷத்தில் ஐந்தில் ஒரு பங்கே மொத்தச் சுமையையும் தாங்கியிருக்கிறது என்றால் சுமை அதிகமில்லை, இரும்பும் மோசமில்லை. கடைசலில் மூலையை வளைக்காமல் கூர்மையாக விட்டிருந்தார்கள். அதே இரும்பில், மூலையை உருட்டி அடுத்த ஷாஃப்டைச் செய்தோம்.

பி.எச்.டி. பற்றி. மேலே சொன்ன சி.ஏ.இ. வேலைகளில் பெரும்பாலானவற்றுக்கு எம்.டெக். போதும். ஆசிரியப் பணி, ஆராய்ச்சி மையம், மென்பொருள் நிறுவனங்களில் புதிய முறைகளை உருவாக்கும் குழு, இவற்றுக்குத்தான் பி.எச்.டி. வேண்டும். இங்கே ஜே.ஆர்.எஃப். (இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகை) மாதம் 37,000, இரண்டு வருடம் கழித்து 42,000, வீட்டு வாடகைப் படி தனி. பிரதமர் ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தால் இன்னும் அதிகம். ஐந்து வருடம் ஓடும். கூடப் படித்தவன் கார் வாங்கிய ஃபோட்டோ வரும்போது உங்களுக்கு உங்கள் விரிசல் போதுமா என்று யோசித்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் பி.இ. முடித்தே நேராகச் சேரலாம், செலவைப் பெரும்பாலும் அவர்களே பார்த்துக்கொள்வார்கள். ஜெர்மனியில் பல இடங்களில் அது சம்பளத்தோடு கூடிய வேலையாகவே வரும்.

நிறுவனத்தின் பேரைவிட கைடு முக்கியம். இதை எல்லாரும் சொல்வார்கள், ஆனால் எப்படிக் கண்டுபிடிப்பது என்று சொல்லமாட்டார்கள். அவருடைய மாணவர்களிடம் டீக்கடையில் வைத்துக் கேளுங்கள்: போன வருடம் உங்கள் கூடத்தில் இயந்திரம் எத்தனை மாதம் ரிப்பேரில் கிடந்தது? முடித்தவர்கள் எத்தனை வருடத்தில் முடித்தார்கள், இப்போது எங்கே இருக்கிறார்கள்? நடுவில் விட்டுப் போனவர்கள் யாராவது உண்டா, ஏன்? மூன்றாவது கேள்விக்கு டீயை உறிஞ்சியபடி பேச்சை மாற்றினால் புரிந்துகொள்ளுங்கள். என்னைக் கேட்டால் முழுக்கக் கணினியிலேயே முடிகிற தலைப்பை எடுக்க வேண்டாம். ஒரு சோதனையாவது உங்கள் கையால் செய்து, நீங்கள் கணித்ததற்கு மாறாக ஒன்று உடைவதைப் பார்த்திருக்க வேண்டும்.

இப்போதே செய்யக்கூடியது என்று கேட்டால், ஜியாமெட்ரி பாக்ஸிலிருந்து நிறமில்லாத பிளாஸ்டிக் கோணமானியை எடுங்கள். லேப்டாப்பில் வெள்ளைத் திரையை வைத்து, அதன் முன்னால் கோணமானியைப் பிடித்து, போலரைஸ்டு கூலிங் கிளாஸ் வழியாகப் பாருங்கள். கிளாஸைக் கொஞ்சம் திருப்பினால் திரை கறுக்கும், கோணமானி மட்டும் வானவில் நிறத்தில் தெரியும். நிறக் கோடுகள் நெருக்கமாக இருக்கும் ஓர் இடம் இருக்கும். அச்சில் பிளாஸ்டிக்கை ஊற்றிய வாய் அதுதான், ஆறும்போது மாட்டிக்கொண்ட தகைவு. விரலால் அமுக்கினால் கோடுகள் நகரும். போட்டோஎலாஸ்டிசிட்டி என்ற இந்த முறையில் உலகமறிந்தவர் சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியராகப் பணியாற்றிய கே. ரமேஷ். சோதனை முறைகள் பற்றியும் முறிவு இயக்கவியல் பற்றியும் அவருடைய பாடங்கள் என்.பி.டி.இ.எல். இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. வேறு எதையும் படிக்காவிட்டாலும் முறிவுப் பாடத்தை முழுதாகப் பாருங்கள்.

கணிதத்தில் டென்சரைக் கண்டு பயப்படாமல் இருந்தால் போதும், மீதி தானாக வரும். பைதானில் ஒரு சின்ன ஃபைனைட் எலிமெண்ட் (கட்டங்களாகப் பிரித்துக் கணக்கிடும் முறை) நிரலை நீங்களே எழுதுங்கள், நூறு வரிதான். ஃபோர்ட்ரான் செத்துவிட்டது என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு வாருங்கள். அபாகஸ் என்ற ஃபைனைட் எலிமெண்ட் மென்பொருளில் புதுப் பொருளின் நடத்தையை எழுத இன்றும் அதைத்தான் தட்டுகிறோம்.

எம்.டெக். சேர்வதற்கான கேட் தேர்வில் ஒரு நுணுக்கம். எக்ஸ்.இ. என்ற பொறியியல் அறிவியல் தாளில் சாலிட் மெக்கானிக்ஸ் தனிப் பிரிவாக இருக்கிறது, பிடித்த பாடத்தையே எழுதலாம் என்று ஆசை வரும். ஆனால் பொதுத்துறை நிறுவனங்கள் பெரும்பாலும் மெக்கானிக்கல் தாளின் மதிப்பெண்ணைத்தான் கேட்கின்றன. ஒரே வருடத்தில் இரண்டு தாள் எழுத அனுமதி உண்டு. எந்த இரண்டைச் சேர்க்கலாம் என்ற அட்டவணையை அந்த வருட அறிவிப்பில் பார்த்துவிட்டு, முடிந்தால் இரண்டையும் எழுதுங்கள். தேர்வு பிப்ரவரியில் வரும், விண்ணப்பம் அதற்கு முந்தின ஆகஸ்ட், செப்டம்பரிலேயே ஆரம்பித்துவிடும். மூன்றாம் ஆண்டு என்கிறீர்கள், எழுத உங்களுக்கு இப்போதே தகுதி உண்டு.